ரேடியேட்டர் மட்டும் வேறு

தென்காசி பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த துல்கர்னைன், முதல் உலக யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போய் ராணுவ லாரி ஓட்டியவர். ஊர் திரும்பிய பிறகு அந்த நாட்களைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசியதில்லை. 1934இல் செங்கோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய பட்டாள லாரி ஒன்று கோழி அடைக்கக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் மறுநாளே மலையேறினார். பஸ்ராவில் அவர் ஓட்டிய அதே ரகம். இடத்தைக் காலி செய்தால் சரி, எடுத்துக்கொண்டு போ என்றார் தோட்டத்துத் துரை.

லாரியைப் பிரித்து மாட்டு வண்டிகளில் எட்டு நடையாகக் கீழே இறக்கினார்கள். கொல்லை முழுக்க இரும்பு பரப்பிக் கிடந்ததைப் பார்த்த அவர் மனைவி ஷரீபுன்னிசா, "இத வச்சு என்ன செய்யப் போறீய?" என்று கேட்டாள்.

"ஓட்டப் போறேன்."

"எங்கன?"

அவர் குனிந்து ஒரு போல்ட்டைத் திருக ஆரம்பித்தார்.

செங்கோட்டை ரயில்வே எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த குற்றாலிங்கம் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தவர், அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். எஞ்சின் பிளாக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் இருந்தது. அதன் நெடுகத் துளையிட்டு, செம்புத் திருகாணிகளை ஒன்றையொன்று கடித்தபடி இறக்கி அடைத்தவர் அவர்தான். சக்கரத்தில் ஆடிப்போயிருந்த மர ஆரக்கால்களை வண்டி ஆசாரி ஆப்பு அடித்து இறுக்கித் தந்தார். ஒழுகிய பித்தளை ரேடியேட்டரைப் பாத்திரம் செய்யும் பேச்சிமுத்து மாதக்கணக்கில் வைத்திருந்து பற்றவைத்தார்.

தோட்டத்துப் பச்சை வர்ணத்தைச் சுரண்டியபோது அடியில் பட்டாளத்து மண் நிறமும் வெள்ளை எண்களும் தெரிந்தன. பக்கத் தகட்டில் ஒரு குண்டு துளைத்த ஓட்டை இருந்தது. குற்றாலிங்கம் அதை அடைக்கத் தகடு வெட்டிக்கொண்டு வந்தார். துல்கர்னைன் வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"அத அடச்சா இது வேற வண்டி, தம்பி. வந்தது வந்தபடிதான் இருக்கணும்."

குற்றாலிங்கத்துக்குக் கோபம். இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து பிரேக்கை மாட்ட உட்கார்ந்தார்.

1938 சாரல் பருவத்தில் வண்டி ஓடியது. இருவரும் அதைக் குற்றாலத்துக்கு ஓட்டிப் போனார்கள். எண்ணெய் தேய்த்து அருவிக்கு நின்றவர்கள் அப்படியே வந்து சுற்றிக்கொண்டார்கள். சரக்கு ஏற்றலாமே என்றார் ஒரு முதலாளி. துல்கர்னைன் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, வண்டி கொல்லையில் நின்றது. 1943இல் பட்டாளத்துக்கு இரும்பு சேகரிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஓடாத வண்டி உருக்கத்தான் போகும், வெள்ளிக்கிழமை ஆளோடு வருகிறேன் என்று சொல்லிப் போனார். அவர் வருவதற்குள் இருவரும் வண்டியைக் கழற்றினார்கள். சக்கரங்கள் ஆசாரி பட்டறைக்குப் போயின. எஞ்சின் வைக்கோல் போருக்குள் போனது. ரேடியேட்டர் பேச்சிமுத்து வீட்டுக்குப் போனது. வெள்ளிக்கிழமை வந்தவருக்குத் துருப்பிடித்த அடிச்சட்டம் மட்டும் கிடைத்தது. அதையும் தூக்க ஆள் போதாமல் விட்டுப் போனார்.

யுத்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தார்கள். ரேடியேட்டர் மட்டும் வரவில்லை. பேச்சிமுத்து இடையில் காய்ச்சலில் இறந்திருந்தார். அவர் மனைவி ரெங்கம்மாள் தானே தேடி வந்து, வாசலுக்கு வெளியே நின்றாள்.

"ரேசன் அரிசி பத்தல, அண்ணாச்சி. பித்தளைன்னு நெறுத்து வித்துட்டேன்."

பதினோரு வருடமாக ஒரு ஆணியைக்கூட மாற்றச் சம்மதிக்காதவர் துல்கர்னைன். அந்த அம்மாளின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"பிள்ளைங்க சாப்பிட்டுச்சுல்லா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுச்சு."

"பொறவு என்ன. உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவளை உள்ளே உட்கார வைத்தவள் ஷரீபுன்னிசா.

பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகளை மதுரையில் ஏலம் விட்டபோது, குற்றாலிங்கம் போய் ஒரு ரேடியேட்டர் வாங்கி வந்தார். அளவு பொருந்தவில்லை. வண்டியின் முன்பக்கத்தை இரண்டு விரற்கடை அறுக்க வேண்டியிருந்தது. ரம்பத்தை யார் எடுப்பது என்று இருவரும் தயங்கினார்கள். கடைசியில் துல்கர்னைனே அறுத்தார்.

1947இல் வண்டி மறுபடி ஓடியது. அதன்பின் துல்கர்னைன் உயிரோடு இருந்த ஐந்து வருடமும் வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க வந்தார்கள். எல்லாம் அசலா என்று அவர்கள் கேட்கும் முன்பே, ரேடியேட்டர் மட்டும் வேறு என்று அவரே சொல்லிவிடுவார்.