நம் தெருக் குழாயை அளந்த நாள்

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் அம்மா வயிற்றில் இருந்த சமயம், உப்பளம் பேட்டையில் நம் தெருவே குழாய்த் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஊர்த் தண்ணீரில் அணுக்கதிர் எவ்வளவு என்று அளக்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பூமிக்குள்ளிருந்து இயற்கையாகவே அது கொஞ்சம் ஊறி வருமாம். தெருவிலோ, அணுகுண்டு விஷம் கலந்துவிட்டதாகப் பேச்சு. உங்கள் அம்மா குடத்தோடு தூரத்துக் கிணற்றுக்கு நடந்தாள். அந்த உப்புத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஓயாத வாந்தி.

நான் தண்ணீர் ஆபீசில் குழாய் ரிப்பேர் பார்த்தேன். "எங்க தெருவையும் அளந்துடுங்க சார்" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சாயங்காலம் கெளம்புறேன். காலையில பாட்டில் வந்தா அளக்கிறேன்" என்றார். ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, வழிய வழிய நிரப்பி, குமிழி இல்லாமல் மூட வேண்டும். காற்றுப் பட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் அணுக்கதிர் வாயு பறந்துவிடும் என்று சொல்லி, செய்தும் காட்டினார்.

மறுநாள் காலை தெருமுனை வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பினால், குழாயடியில் நான் வைத்துவிட்டுப் போன பாட்டிலை எதிர்வீட்டு அக்கா நிரப்பி வைத்திருக்கிறார். வேட்டித்துணியை மடித்துப் பிடித்து, பொறுமையாக வடிகட்டி!

"என்னக்கா பண்ணிட்ட?"

"ஆபீசருக்குப் போற தண்ணியாச்சே. வடிகட்டாம குடுத்தா நம்ம தெருவ என்ன நெனப்பாரு?"

"அவரு குடிக்கப் போறதில்லக்கா, அளக்கப் போறாரு."

"அளக்கத்தானே? ஒரு சொட்டு கொறையாமத்தான் ஊத்தியிருக்கேன், போய்யா!"

அதைக் கொட்டினேன். அக்காவுக்குக் கோபம். காலைத் தண்ணீர் நிற்கும் நேரம் நெருங்கிவிட்டது. நிரப்பினேன், கழுத்தில் ஒரு குமிழி. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன், மறுபடி குமிழி. குழாயில் தாரை மெலிந்தது.

"ஒரு குமிழிக்கா இந்தப் பாடு!" என்று திட்டிக்கொண்டே அக்கா வந்து, ரப்பர் நழுவாமல் குழாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த முறை பாட்டில் குமிழியில்லாமல் நிரம்பியது. சைக்கிளில் போனால் குலுங்கும் என்று, நெஞ்சோடு அணைத்தபடி ஆபீஸ் வரைக்கும் நடந்தேன்.

மத்தியானம் அதிகாரி சொன்னார்: "இருக்கு, ஆனா ரொம்பக் கொஞ்சம். தாராளமா குடிக்கலாம்."

வீட்டில் உங்கள் அம்மா விடவில்லை. "இருக்குன்னுதானே சொல்றாரு?"

"இருக்கு. மறைக்க மாட்டேன். குழா போட்ட நாள்லேருந்து இருந்ததுதான். கெடுதல் பண்ற அளவு இல்ல."

"இல்லவே இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். சாயங்காலத் தண்ணீர் வந்ததும், தெருப் பெண்கள் எல்லாரும் பார்க்க, குடத்தைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தாள்.