எங்கள் ஜன்னலும் மாமாவின் வைப்பரும்

அந்த வருஷக் கோடை விடுமுறை எங்கள் வீட்டு ஜன்னலைத் துடைத்துத் துடைத்தே போயிற்று. எனக்கு ஒன்பது வயது. சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் மாடி வீடு. கூடத்து ஜன்னலில் மூன்று பெரிய கண்ணாடிகள். ஓரத்தில் இருந்த இரண்டையும் திறக்கலாம். நடுவில் இருந்தது அசையாது. அப்பா வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்வார், டீயை ஒரு வாய் குடிப்பார், ஜன்னல் பக்கம் திரும்புவார்.

"இன்னா இது, கண்ணாடி மங்கலாவே கீது? தொடைக்கிறதே இல்லியா?"

அவ்வளவுதான். அம்மா போட்டது போட்டபடி துணியை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

அப்பாவுக்கு பாக்டரியில் கிரேன் ஓட்டும் வேலை. ஷெட்டின் கூரையை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்து, டன் கணக்கான இரும்பைத் தூக்கி, கீழே நிற்பவர் கைகாட்டும் இடத்தில் இறக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் வேறு எவள் அப்பாவும் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்ததில்லை என்று எனக்கு ஏகப்பட்ட திமிர். அடுத்த மாசம் கண் டெஸ்ட், தேறாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. நான் அதைக் கணக்குப் பரீட்சை மாதிரி ஒன்று என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் படித்தார். டெஸ்ட் அட்டையில் இருக்கும் எழுத்துகளை யாரிடமோ கேட்டு எழுதி வாங்கி வந்து, என்னை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக ஒப்பிப்பார். ஒரு எழுத்து தப்பினால் நான் குட்டு வைப்பேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

இதற்கிடையில் ஜன்னல். முதலில் அம்மா பேப்பரை ஈரமாக்கிக் கசக்கித் தேய்த்தாள். மறுநாள் சாக்பீஸ் பொடி. அதற்கு மறுநாள் தண்ணீரில் நாலு சொட்டு மண்ணெண்ணெய்; வீடே ஸ்டவ் மாதிரி நாறியது. அப்பா ஒவ்வொரு நாளும், "கொஞ்சம் பரவால்ல, ஆனா சுத்தம் இல்ல" என்றார். நான் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். எப்போதடா இந்த வேலை முடியும், என்னை எப்போது விளையாட விடுவார்கள் என்றிருந்தது.

கடைசியில் அம்மா தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா பூந்தமல்லிப் பக்கத்து ஊர். நிலத்தில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரிய ஆபீசுக்குக் கண்ணாடி துடைக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். "இதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேலி பேசியாயிற்று. அதில் அப்பாவின் குரல்தான் உரத்த குரல். அதனால் அன்றைக்கு மாமா டாக்டர் மாதிரி பையோடு வந்தார். நீளமான ரப்பர் பட்டை வைத்த வைப்பர், சோப்புத் தண்ணீர் தடவ ஒரு பஞ்சு உறை, பெயிண்ட் சுரண்ட பிளேடு, ஓரம் துடைக்க உலர்ந்த துணி.

"இன்னாக்கா நீ? பேப்பரால தேச்சா அழுக்கு எடம் மாறும், போவாது. மண்ணெண்ணெ ஊத்துனா தூசு ஓடியாந்து குந்திக்கும்."

"பன்னெண்டு வருஷமா பேப்பர்லதான்டா தொடைக்கிறேன்!"

"அதான் பன்னெண்டு வருஷமா மாமா திட்டிகினு கீறாரு."

உடனே ஆரம்பிப்பார் என்று பார்த்தால், வெயில் விலகும்வரை தொடக்கூடாதாம். சோப்பு காய்ந்து தேமல் மாதிரி நிற்குமாம். எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பவா மாமா? இப்பவா மாமா?" என்று பிய்த்தெடுத்தேன். ஒருவழியாகப் போட்டி தொடங்கியது. இடது கண்ணாடி அம்மாவுக்கு, வலது மாமாவுக்கு. அம்மா மூச்சு வாங்கத் தேய்த்தாள். மாமா நுரையைப் பூசி, வைப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ரப்பரைத் துணியில் துடைத்து மறுபடி ஒரு இழுப்பு. நாலே இழுப்புதான். அம்மாவின் கண்ணாடியில் நூலும் மையும் ஒட்டியிருந்தன. மாமாவுடையது பளிச்சென்று இருந்தது. அம்மாவே தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டு, அந்த இடது கண்ணாடியையும் அவரிடம் விட்டுவிட்டாள்.

நடுக்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கை எட்டவில்லை. மழைநீர் வழிந்து துருக்கறை வேறு. மாமா சும்மா விடுவாரா? கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருந்த காய்ந்த பட்டிப் பசையைச் சுற்றிலும் சுரண்டி, கண்ணாடியை முழுசாகப் பெயர்த்துக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். அந்த நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டார்.

நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "ரெண்டு ஓரமும் தேவல. நடுவுலதான் அப்டியே புகை படிஞ்சாப்ல கீது."

நடுவில் கண்ணாடியே இல்லை! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டேன். இவ்வளவு பெரிய ஜோக்கை அப்பா அதுவரை அடித்ததே இல்லை.

"இது இன்னாத்துக்கு சிரிக்குது?" என்றார் அப்பா.

"அது ஒரு பைத்தியம்ங்க" என்றாள் அம்மா. குரல் என்னவோ போல் இருந்தது. "தம்பி, இன்னொரு வாட்டி தொடச்சிடேன்டா."

மாமா ஈரக் கையோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வைப்பரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அந்த வெறும் சட்டத்தில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. ரப்பரைத் துணியில் துடைத்தார். மறுபடி ஒரு இழுப்பு. நாலு தரம் காற்றை அப்படி வழித்தார்.

"இப்போ எப்டிக்கீது மாமா?"

"ம். இப்போ சுத்தம். தொழில்காரன் தொழில்காரன்தான்பா."

கேலி பேசிய வாயால் அப்படி ஒரு பாராட்டு வந்தும் மாமாவுக்கு முகம் மலரவில்லை. அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "வெளிய மூச்சு வுட்ட, தோலை உரிச்சிடுவேன்" என்றாள். கண்ணாடியைப் பெயர்த்தது குவார்ட்டர்ஸ் ஆபீசுக்குத் தெரிந்தால் வம்பு என்று பயப்படுகிறாள் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய தவம். அதன்பின் நான் செய்ததைச் சரி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். செய்திருக்கவே கூடாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் கீழே குழாயடியில் கீழ்வீட்டு ஆன்ட்டி தனியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். எனக்கு அப்படி ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது. கண்ணாடியே இல்லாத ஜன்னலை அப்பா அழுக்கு என்றது, மாமா காற்றைத் துடைத்தது, அப்பா சுத்தம் என்றது எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினேன்.

ஆன்ட்டி சிரிக்கவில்லை.

"ஒங்கப்பா இன்னமும் எங்க வீட்டுக்காரரு கைகாட்டுற கிரேனத்தானே ஓட்டுறாரு?" என்று கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி! அங்கிள் தலைக்கு நேரா மேலதான்!" என்றேன் பெருமை பொங்க.

பாதி நிறைந்த குடத்தை அப்படியே போட்டுவிட்டு அவர் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி ஓடினார். இவ்வளவு நல்ல வேடிக்கைக்கு ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. நான்தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று தோன்றியது. அடுத்துக் குடத்தோடு வந்தவளிடம் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.