நாற்பத்தொன்பதும் நூற்றெட்டும்

எண்பதுகளின் நடுவில், பட்டப்படிப்பு முடிந்த கையோடு, காளவாசலில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்களைப் பதிவுசெய்து, கூட்டி, அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அங்கே எனக்குக் கிடைத்த தோழி, பழைய நகரத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண்; டைப்ரைட்டிங்கில் ஹையர் தேர்வு தேறியவள். அடிக்கும்போது அவள் கண் தாளைவிட்டு அசையாது.

"திரையப் பாக்கவே மாட்டியாடி?"

"பாத்தா கை நின்னுரும்டி. என் விரலு பொய் சொல்லாது."

அந்த வேலை நிரந்தரமானால் அவளுடைய கல்யாணப் பேச்சைத் தள்ளிவைப்பதாக அவள் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். சம்பளத்தில் தபால்வழி பி.காம். படிக்க வேண்டும் என்று அவள் கனவு கண்டுகொண்டிருந்தாள்.

ஆனால் அவள் பதிவுசெய்தவற்றில் மட்டும் கூட்டல் தவறியது. தொண்ணூற்றொன்று வாங்கிய மாணவிக்குக் கணினி ஒன்பதைத்தான் சேர்த்தது. திரையிலோ 91 என்றே தெரிந்தது. முதலாளி முதலில் கேலிதான் செய்தார்.

"ஏம்மா, மிஷினுக்கும் ஒனக்கும் என்ன வாய்க்காத் தகராறு?"

"தாளப் பாத்துத்தாண்ணே அடிச்சேன்" என்று அவளும் சிரித்தாள்.

பள்ளியிலிருந்து புகார் வந்த அன்று எவரும் சிரிக்கவில்லை. "நாளைலேருந்து வர வேணாம்மா" என்றார் முதலாளி. அவள் வாதாடவில்லை. விசைப்பலகையின் மேல் உறையைச் சரியாக இழுத்து மூடிவிட்டு, "வாரேன்டி" என்று படியிறங்கினாள்.

சில மாதங்கள் கழித்து நான் பேசிக் என்ற கணினி மொழியைக் கற்கத் தொடங்கினேன். ஓர் எழுத்தைக் கொடுத்தால், இயந்திரம் அதை எந்த எண்ணாக வைத்திருக்கிறது என்று சொல்லும் கட்டளை அதில் இருந்தது. பழகுவதற்காக அவள் அடித்துவைத்த பழைய பதிவொன்றைத் திறந்து, 91இல் உள்ள 1ஐக் கொடுத்தேன். 108 என்று வந்தது. நானே 1 விசையை அடித்துக் கொடுத்தேன். 49 என்று வந்தது.

நூற்றெட்டு, ஆங்கிலச் சின்ன எல் எழுத்துக்கு உரிய எண்.

மறுநாள் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த பழைய இயந்திரங்களில் 1 என்ற எண்ணுக்குத் தனி விசையே இல்லை. அதற்குப் பதில் சின்ன எல் எழுத்தைத்தான் அடிக்கப் பழக்கியிருந்தார்கள். எங்கள் மையத்தில் அவளைத் தவிர எவரும் டைப்ரைட்டிங் படித்ததில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன; கணினியோ எழுத்தைக் கூட்டாமல் விட்டிருந்தது.

முதலாளியிடம் காட்டினேன். இரண்டையும் தானே ஒருமுறை அடித்துப் பார்த்தார். "அந்தப் புள்ளயக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

அவள் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். அவளுடைய அம்மா கதவைத் திறந்தார்.

"அவளக் கம்பம் ஊர்ல கட்டிக்குடுத்துட்டோமேம்மா. ஒனக்குத் தெரியாதா?"

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எம்புள்ள தப்பா அடிக்கலையா?"

"சொல்லிக்குடுத்தபடியே அடிச்சிருக்காம்மா."

"அன்னைக்கு வந்தவ சோறு திங்கல. வெரலையே பாத்துக்கிட்டு இருந்தா."

அவளுக்கு எழுத முகவரி கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. இப்பத்தான் மனசத் தேத்திக்கிட்டு இருக்கா. இதச் சொன்னா மறுபடி ஒடைஞ்சு போவா."

உண்மை அவளுக்கு உரியது என்று நினைத்தேன். அதைத் தாங்க வேண்டியவளும் அவள்தான் என்றும் நினைத்தேன். முகவரி வாங்காமலே திரும்பினேன். தன் விரல்கள் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.