உறுதிமொழி வாசிக்கும் முறை

என் கணவர் நல்ல எண்ணத்தில்தான் அந்தப் படத்தை என் செல்போனில் இறக்கி வைத்தார். அந்தக் காலத்து வெளிநாட்டு ராஜா ஒருவருக்குத் திக்குவாய். படாத பாடு பட்டுப் பழகி, கடைசியில் சபையில் முழுசாகப் பேசிவிடுகிறார். மண்ணூரிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் இரண்டு நாளாகப் பார்த்து முடித்தேன். தைரியம் வந்ததா என்று கேட்டார். எனக்கு வந்தது பொறாமை. ராஜா ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டால் சபையே மூச்சுவிடாமல் நிற்கிறது. நான் மாட்டிக்கொண்டால், எதிரில் இருப்பவர் மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். கிரீடம் இருந்தால் திக்குவாய்க்கும் மரியாதைதான்.

ராஜா மேல் பொறாமைப்பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் மேல் பட்டதுதான் வினை.

எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் தொடங்கும்போது ஒருத்தர் முன்னால் நின்று பாதுகாப்பு உறுதிமொழியை வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். தினம் ஒருத்தர் முறை. கூட்டத்தோடு சொல்லும்போது எனக்குத் திக்காது, ஏனோ தெரியவில்லை. தனியாக நின்றால் முதல் எழுத்திலேயே தாடை பூட்டிக்கொள்ளும். அதனால் என் முறையை வேறொருத்திக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு அவள் துடைக்க வேண்டிய தரையை நான் துடைப்பேன். ஆறு வருஷமாக இப்படித்தான். மற்றபடி என் வேலையில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கம். வல்லம் வடகாலில் விடுதியில் தங்கியிருந்தாள். அவளுக்கும் திக்கும். வந்த முதல் நாளே, தனக்குப் பேச்சு திக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. அவள் பேசி முடிக்கும்வரை ஆட்கள் காத்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் லைன் லீடர் இடம் காலியானது. எனக்கு வர வேண்டிய இடம். சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"உன்னத்தான் போடலாம்னு கீறேன். ஆனா லீடர்னா தினம் முன்னாடி நின்னு பேசணும். இன்னா பண்றது, சொல்லு."

நான் வாயைத் திறந்து முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள், "சரி, வுடு" என்று போய்விட்டார். மறுநாள் காலை அந்தப் புதுப் பெண்ணை முன்னால் நிறுத்தி உறுதிமொழி வாசிக்கச் சொன்னார். லீடர் இடத்துக்கு அவளைப் பார்க்கிறார் என்று லைனில் எல்லாருக்கும் தெரியும்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் 'பாதுகாப்பு' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். உதடு ஒட்டிக்கொண்டு துடித்தது. நாற்பது பேரும் அசையாமல் காத்திருந்தார்கள். எனக்காக ஒருநாளும் யாரும் அப்படி நின்றதில்லை. என்னால் தாங்க முடியவில்லை. "பாதுகாப்பு" என்று நான் சொன்னேன். சத்தமாக, உதவி செய்கிறவள் மாதிரி.

அவள் என்னைப் பார்த்தாள்.

"வே... வேண்டாம்க்கா. நானே சொ... சொல்லுதேன்."

மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடி நின்றாள். இந்த முறை நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவளே சொல்லி முடித்தாள்.

இப்போது அவள்தான் லீடர். அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். இந்த ஆறு வருஷத்தில் அந்த லைனில் எல்லார் காதிலும் விழும்படி, தனியாக, திக்காமல் நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதையும் திக்குகிற இன்னொருத்தியின் வாயிலிருந்து பிடுங்கித்தான் சொன்னேன்.