வெள்ளவத்தை வீட்டுக்கு ஆள் வைத்த கதை

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போன கையோடு நகரத்தில் வீட்டு விலை விழுந்தது. காசுள்ளவர்கள் கண்டிக்கும் பதுளைக்கும் ஓடினார்கள். எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓடினார்கள். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை ஒட்டி வீடு வைத்திருந்த ஒரு பறங்கிக் கிழவர் தன் பியானோவை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டை வந்த விலைக்கு விற்றார். வாங்கியது நான். என் சீதன நகை முழுவதும் அந்த ஓட்டு வீட்டுக்குள் போயிற்று.

என் மனுசனுக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

"இஞ்சாரும், வீட்டிலை குண்டு விழுந்தா என்ன செய்வீர்?" என்றார்.

"நகைப்பெட்டியிலை விழுந்தா மட்டும் நகை தப்புமோ?" என்றேன்.

அவர் துறைமுகத்தில் கிளாக்கர். பதில் எழுத முடியாத கடிதங்களை அடியில் தள்ளி வைத்துப் பழகியவர்; இதையும் அப்படியே தள்ளி வைத்தார்.

நாங்கள் இருந்தது கொட்டாஞ்சேனையில், வாடகை வீட்டில். அவருடைய கந்தோரும் நான் படிப்பித்த பெண்கள் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருந்ததால் அங்கிருந்து கிளம்புகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. வெள்ளவத்தை வீட்டை வாடகைக்கு விடுவதாக முடிவு.

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் வியாபாரி. புறக்கோட்டையில் துணிக்கடை. நான் அவருக்கு வாய்த்த குடித்தனக்காரி. கூரைப் பீலி ஒழுகினால் கடைக்கே போய், சீலை எடுக்க வந்த பெண்கள் நடுவில் நின்று, "முதலாளி, மழை எங்கடை கட்டிலிலை பெய்யுது" என்று சொல்லுவேன். சண்டைக் காலத்தில் வாடகையைக் கூட்டவும் ஏலாது, குடியிருப்பவரை நினைத்தபடி வீட்டை விட்டு எழுப்பவும் ஏலாது என்று சட்டம் வந்ததும் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒருமுறை ஏதோ கூட்டிக் கேட்க வந்தவரிடம், "சட்டம் இருக்குத்தானே முதலாளி" என்று இனிமையாகச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

நான் வீடு வாங்கிய செய்தி கேட்டு அவர் வந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"டீச்சர் ஊடு வாங்கினீங்களாம். நல்லம். இனி உங்களுக்கும் வெளங்கும்" என்றார்.

"ஆரை வைக்கிறது எண்டுதான் யோசிக்கிறன்."

"ஆம்புளைய பாத்து ஊடு குடுக்க வேணாம். வரக்குள்ள எல்லா ஆம்புளையும் நல்லாத்தான் பேசுவாங்க. குசினில நிக்கிறது யாரு, எத்தன பேருக்குச் சமைக்கப் போறாங்க எண்டு கேளுங்க. மத்ததெல்லாம் பொறகு."

வாடகைக்காரரின் பரம எதிரி சொல்கிற புத்தியை நான் ஏன் கேட்கப்போகிறேன்? தலையாட்டினேன். மறந்தேன்.

வீடு பார்க்க வந்தவர்களை நானே பேட்டி கண்டேன். முன் விறாந்தையில் பல் பிடுங்குகிற நாற்காலி போட அனுமதி கேட்டார் ஒருவர். கடல் இரைகிற சத்தத்துக்கு வாடகையில் கழிவு உண்டா என்று கேட்டார் இன்னொருவர். மூன்றாவதாக வந்தவருக்கு நெற்றி நிறைய விபூதி, கையில் குடை, கால் தரையில் படாத நடை. நானும் மனுசியும் ஒரு குழந்தையும் மட்டும்தான் என்றார். சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து நிமிடக் கதையில் என் மாமியாரின் ஒன்றுவிட்ட தம்பிக்குத் தான் சம்பந்தி முறை என்று கண்டுபிடித்தும் விட்டார்.

"எங்கடை ஆள்தானே" என்று என் மனுசன் சந்தோசப்பட்டார்.

எங்கடை ஆள் என்பதால் நான் எதையும் துருவவில்லை. அவருடைய மனுசியை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. வாசல் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு வந்த மாதங்கள் பொற்காலம். தவணைக்கு முன்னமே வாடகை வரும். ஓடு உடைந்தது, குழாய் ஒழுகுது என்று ஒரு முறைப்பாடு இல்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற ரீச்சர்மாருக்கு முன்னால் பெருமை அடித்தேன். வீடு வாங்கி வாடகைக்கு விடப்போகிறவர்களுக்கு இன்று ஒன்று சொல்லுவேன்: ஒரு திருத்த வேலையும் கேட்காத குடித்தனக்காரன் வீட்டுக்குள் உங்களை வரவிடாமல் பார்க்கிறான். அவனை அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. ரயில்தான் காட்டித்தந்தது.

தெகிவளையில் ஒரு சொந்தக்காரிக்குப் பிள்ளை பிறந்து, பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளவத்தைக்குக் கிட்ட ரயில் மெதுவானது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வீடுகளின் பின்வளவுகள். என் வீட்டின் பின்வளவு வந்தது. கொடி கொள்ளாமல் வேட்டிகள். வேட்டிக்கு மேல் வேட்டி. மதிலிலும் வேட்டி. ஒரு மனுசன், ஒரு மனுசி, ஒரு குழந்தை இருக்கிற வீட்டில் இத்தனை வேட்டி எதற்கு? கடற்காற்றில் அவை ஒரே நேரத்தில் எழும்பி, எனக்குக் கும்பிடு போட்டன.

பிள்ளை பார்க்கிற அலுவலை விட்டுவிட்டு வெள்ளவத்தையில் இறங்கினேன்.

வாசலில் செருப்புக் குவியல். முன்னறையில் வரிசையாகப் பாய்கள். கந்தோர்ப் பொடியள் சிலர் முகம் மழித்துக்கொண்டு நின்றார்கள். விபூதிக்காரர் சாய்மனைக் கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் வீட்டை அவர் சமறி ஆக்கியிருந்தார். ஊரிலிருந்து வேலைக்கு வந்த தனிப் பொடியள் கூடிப் படுத்து, சமைத்ததைப் பங்குக்குச் சாப்பிடுகிற இடத்துக்குக் கொழும்பில் அதுதான் பெயர். பொடியள் மாதாமாதம் அவருக்குக் கட்ட, அதில் ஒரு துண்டு வாடகையாக எனக்கு வந்துகொண்டிருந்தது.

"இதென்ன கூத்து? குடும்பம் எண்டுதானே வீடு தந்தனான்" என்றேன்.

"எல்லாரும் குடும்பம் மாதிரித்தான் ரீச்சர்."

"நாளைக்கே எழும்புங்கோ."

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். "அப்பிடி உடனை எழுப்பேலாது ரீச்சர். சட்டம் இருக்குத்தானே" என்றார், மிக இனிமையாக. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றும் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய குடையை எடுத்து அவரையே அடித்திருப்பேன். பொடியள் பார்த்துக்கொண்டு நின்றதால் குசினிப் பக்கம் திரும்பினேன்.

குசினி முழுக்கப் புகை. அதற்குள் ஒரு மெல்லிய பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று, கோயில் அன்னதானத்துக்கு வைக்கிற அளவுப் பானையில் சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் ஆர் என்று சொன்னதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இந்தக் குசினிக்குப் புகைபோக்கி வைக்கச் சொல்லி இவரட்டை எத்தினை தரம் சொன்னனான் தெரியுமே? வீட்டுக்காரி சம்மதிக்கமாட்டா எண்டு சொல்லுறார்."

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை பிள்ளை."

"அப்ப சரி." அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "நான் சமைக்கிறன், உடுப்புத் தோய்க்கிறன், அரிசிக் கூப்பனைத் தூக்கிக்கொண்டு நிரையிலை நிக்கிறதும் நான். காசு அவரின்ரை மடியிலை. ஒரு சீலைத் துண்டு கண்டனானோ?"

"கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டை போய் இருமன். இந்த மனுசன் என்ன செய்யிறார் எண்டு பாப்பம்" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான்.

அவள் அதை எரிச்சலாக எடுக்கவில்லை. கணக்காக எடுத்தாள்.

"போறன். அவர் இந்த வீட்டை விட்டுப் போனா, நீங்கள் வேறை ஆருக்கும் குடுக்கக் கூடாது. நான் திரும்பி வருவன். வாடகைச் சீட்டை என்ரை பேரிலை எழுதித் தாங்கோ."

ஓம் என்றேன்.

அந்தக் கிழமையே அவள் குழந்தையோடு காலை ரயிலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தாள். அடுத்து நடந்ததை அங்கிருந்த ஒரு பொடியன் பிறகு எனக்குச் சொன்னான். முதல் நாள் விபூதிக்காரர் சோறு வைத்தார். அடி கருகி, மேல் அரிசியாகவே இருந்தது. இரண்டாம் நாள் பருப்பு வைத்தார். அதைச் சுண்ணாம்பாகச் சுவரில் பூசலாம் என்றான் ஒருவன். ஆளுக்காள் வாய்த்தர்க்கமாகி, பாயைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பொடியள் கட்டுகிற காசு நின்றது. என் வாடகையைச் சொந்தச் சம்பளத்தில் கட்டவேண்டிய நிலை வந்ததும் சட்டத்தில் அவருக்கிருந்த பற்றும் போயிற்று. விபூதி குறைந்த நெற்றியோடு கொட்டாஞ்சேனைக்கு வந்து நின்றார்.

"ரீச்சர், வீடு எனக்குப் பெரிசு. திறப்பைப் பிடியுங்கோ."

வாங்கிக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தேன்.

அவள் திரும்பி வந்தாள். ஊரிலிருந்து இரண்டு பெரிய அண்டாவும் கொண்டுவந்தாள்; வேலைக்கு ஒரு சித்தியையும் கூட்டிவந்தாள். வாடகைச் சீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றதும் என் மனுசன் துள்ளினார்.

"ஒரு பொம்பிளையின்ரை பேரிலையோ? புருசன் இருக்கேக்கை?"

"வீடு ஆரின்ரை நகையிலை வாங்கினது?" என்றேன்.

அதையும் அவர் அடியில் தள்ளி வைத்துவிட்டார்.

பழைய பொடியள் கேள்விப்பட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இந்த முறை காசு அவள் கையில். விபூதிக்காரரையும் அவள் சேர்த்துக்கொண்டாள்; காலையில் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிவருவது அவர் பொறுப்பு. கத்தரிக்காயில் புழு இருந்தால் எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்புவாளாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்க்கப் போனேன். பந்தியில் இடமில்லை என்று என்னை விறாந்தையில் இருக்கச் சொன்னாள், என் சொந்த வீட்டில். பிறகு இலை போட்டுச் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்தாள். அப்படி ஒரு குழம்பை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. கை கழுவிக்கொண்டு வந்தால், அவள் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நிற்கிறாள்.

"அக்கா, புகைபோக்கி. பின்வளவுக் கக்கூசுக் கதவுக்குக் கொண்டி இல்லை. கிணத்துக் கட்டிலை வெடிப்பு. மழைக்கு முதல் ஓடு மாத்த வேணும்."

"எல்லாம் ஒரேயடியாகவோ?"

"பின்னை? ஆரட்டைக் கேக்கிறது?"

அடுத்த நாளே மேசனை அனுப்பினேன். புகைபோக்கியைக் கட்டி முடிக்கும் வரை அவள் அவன் பக்கத்திலேயே நின்று, செங்கல் கோணல் என்று இரண்டு தரம் இடிப்பித்தாள்.