காணாமல்போன இரண்டு கார்டு

சென்னியப்பனுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரி வைத்திருந்தார். கொல்லிமலையிலிருந்து மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு லோடு வந்தால் எடைமேடைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிறுக்க விடுவார். மனுஷன் கெட்டவரில்லை, சுபாவம் அப்படி. அவர் நம்பிய ஒரே ஆள் எலக்ட்ரீசியன் தமிழ்செல்வன், மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்ப்பக்கத்துக்காரன். மெஷின்களை ஓட்டுகிற பேனல் பெட்டியின் சாவியே அவனிடம்தான் இருந்தது.

2003-ல் சேலத்து இன்ஜினியர் வந்து, அந்தப் பெட்டிக்கான புது சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனார். பழையதில் பெட்டிக்குள் செருகியிருக்கும் எலக்ட்ரானிக் கார்டுகள் அலமாரிப் புத்தகம் மாதிரி வரிசையாகப் படத்தில் தெரியும். சென்னியப்பன் காலையில் அதை எண்ணிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். புதியதில் படம் போய் வெறும் பெயர்கள் வந்தன. அதிலும் இரண்டு கார்டைக் காணோம்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. தமிழ்செல்வனுக்கும் விளங்கவில்லை. கார்டு இல்லாமல் மில் எப்படி ஓடும் என்று கேட்டான். அந்தக் கேள்வியே சென்னியப்பனுக்கு உறுத்தியது. ஒரிஜினலை விற்றுவிட்டு டூப்ளிகேட்டைச் செருகியிருக்கிறான், அதனால்தான் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை என்று முடிவு கட்டினார். இன்ஜினியர் வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்க மனசு கேட்கவில்லை.

"கருப்பனார் முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிரு கண்ணு," என்றார்.

தமிழ்செல்வன் முகம் செத்துப்போனது. அவர்கள் ஊரில் அந்தச் சத்தியம் விளையாட்டில்லை. பொய்யென்றால் பிள்ளைகுட்டி விளங்காது என்று பயப்படுவார்கள். இருந்தும் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

சென்னியப்பன் அதோடு விட்டாரா? பொய்ச் சத்தியம் தாக்கி அவனுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் கண்டிருக்கிறதா என்று ஆள் விட்டு விசாரித்தார். பேனல் பெட்டிக்குப் புதுப் பூட்டும் மாட்டினார். பூட்டைப் பார்த்தவன் வேலையை விட்டுவிட்டு மலை பஸ் ஏறிவிட்டான்.

இன்ஜினியர் வந்து, திரையில் ஒரு பெயருக்குப் பக்கத்திலிருந்த கூட்டல் குறியை அமுக்கினார். இரண்டு கார்டும் கீழே விரிந்தன. இந்த வெர்ஷன் இப்படித்தான் மடித்துக் காட்டும் என்றார். சென்னியப்பனுக்கு எவர் முகத்தையும் பார்க்கக் கூசியது.

அன்றே ஜீப் பிடித்துக் குண்டனி நாட்டுக்குப் போனார். மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த தமிழ்செல்வன் எழுந்து வந்து, கட்டிலை இழுத்துப் போட்டான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

"என் சந்தேகமெல்லாம் சுத்தமாத் தீந்துபோச்சு. வேலைக்கு வா சாமி," என்றார் சென்னியப்பன்.

"கம்ப்யூட்டர் சொன்னப்புறந்தானுங்களே தீந்துச்சு," என்றான் தமிழ்செல்வன். "நான் சூடத்துல கை வச்சப்பத் தீரலீங்களே."