பேய் வேடத்தில் ஒரு எச்சரிக்கை

ஃபாலனிகோ செத்துப் பதினோரு நாள். கிணறு கிணறாக உப்பை அளந்து அவர் எழுதிவைத்த நோட்டோடு, ஊர்த் தலைவர்கள் முன் பாயில் உட்கார்ந்திருந்தாள் மகள் இயனேதா. அவள் தண்ணீர் வாரியத்தில் பொறியாளர். ஊர் கேட்டபடி கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு போட மறுநாள் இயந்திரம் வருகிறது. அங்கே தோண்டினால் இரண்டே வருடத்தில் உப்புத் தண்ணீர். அதை நிறுத்தத்தான் வந்திருந்தாள்.

அப்பா சமோவாவின் தலைநகர் ஆபியாவில் நிலவியல் ஆசிரியராக இருந்தவர். தீவின் நிலத்தடி நீரை ஆராய நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. அதே மாதம் தொலைக்காட்சி நாடகக் குழுவும் கூப்பிட்டது. "ஆராய்ச்சிய நாலு பேர் படிப்பான். பேய் வந்து பேசினா நாடே கேக்கும்" என்றார். பேய்க்கிழவி வேடத்துக்கு டோப்பாவும் பூப்போட்ட கவுனும் மாட்டிக்கொண்டார்.

நாடு கேட்கத்தான் செய்தது. சமோவா நாடக வழக்கப்படி, கோமாளி பேசினால் அது அவன் பேச்சல்ல, அவன்மேல் வந்த பேயின் பேச்சு. போதகரைத் திட்டலாம், தலைவரைத் திட்டலாம். யாரும் கோபிக்கக் கூடாது. கோபிக்க வேண்டாதவன் நம்பவும் வேண்டாமே. இருபத்திரண்டு வருடம் அளந்தார். அளந்ததையெல்லாம் மேடையில் கிழவிக் குரலில் கத்தினார்: "கடலோரத்துல தோண்டாதீங்கடா, நாசமாப் போறவனுங்களா!" சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

இயனேதா அளவுகளை வாசித்தாள். மூன்றாவது வரியிலேயே மூத்த தலைவர் துய்லோமா சிரித்துக் குலுங்க ஆரம்பித்தார்.

"அப்பன் மாதிரியே சொல்றா பாருங்கடா! அந்தக் குரலையும் போடும்மா!"

சபை வெடித்துச் சிரித்தது. அவள் நோட்டைப் பாயில் ஓங்கி அடித்தாள்.

"பேய் பேசல. நான் பேசுறேன். சிரிக்கிறவங்க உப்புத் தண்ணியக் குடிச்சிட்டுச் சிரிங்க."

சிரிப்பு நின்றது. துய்லோமா கண்ணைத் துடைத்தார்.

"நெசமாவே அளந்ததா இது?"

"எல்லாமே. அவர் கையெழுத்துதான்."

"அவன் என் சித்தப்பா மகன். ஞாயித்துக்கிழமை தவறாம என் வீட்ல சாப்பிட்டவன். வேஷத்தக் கழட்டிட்டு ஒரு தடவை, 'அண்ணே, அங்க தோண்டாதே'ன்னு சொன்னானா?"

அவள் நோட்டை எடுத்து மூடினாள்.

"சரி, எங்க தோண்டணும்?"

பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள மேட்டை வரைபடத்தில் காட்டினாள். துய்லோமா மற்றவர்களைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. ஒரு கோப்பை கோக்கோ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் அப்பாவின் சமாதி, சிமெண்ட் பூசி இரண்டு நாள்தான். அதுவரை ஊர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அங்கே திரும்பியது.

"கேட்டுட்டாங்கப்பா! நேராச் சொன்னதும் கேட்டுட்டாங்க. பக்கத்து ஊர்ல கடலோரத்துல தோண்டின ரெண்டு கிணறு உப்பாப் போச்சே, அந்தச் சனம் மழைத்தண்ணிக்கு வாளியத் தூக்கிட்டு நிக்குதே! கைத்தட்டல் வேணும்னா வாங்கிக்க, யாரு வேணாம்னாங்க? ஒரே ஒரு நாள் வெறும் முகத்தோட போய்ச் சொல்ல என்ன கேடு உனக்கு?"

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து தோளைத் தொட்டாள். இயனேதா அந்தக் கையைத் தள்ளிவிட்டு இன்னும் கத்தினாள்.